அமரவிளை விமானத்தின் பித்தளை மூடிகள்

உலகத்தில் விமானம் செய்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. முதலில் கமிட்டி அமைத்து, அதற்குப் பிறகு இறக்கை வைத்த பெருமை அமரவிளை ஒன்றுக்கே உரியது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில் 1996-இல் மனித அறிவு எட்டிய உயரத்தை இன்றுவரை எந்த நாடும் எட்டவில்லை.

வேலை முழுவதையும் செய்தவர் மெக்கானிக் சத்தியராஜ். ஆகவே அவர் கமிட்டியில் இல்லை.

பழைய ஜப்பான் கார் ஒன்றிலிருந்து ரோட்டரி எஞ்சினைக் கழற்றி மாட்டியிருந்தார். பிஸ்டன் மேலும் கீழும் ஓடாமல், முக்கோணமாக ஒன்று உள்ளே சுற்றுகிற எஞ்சின். பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்கும். இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு தொட்டி. அங்கிருந்து சீட்டுக்குப் பின்னாலுள்ள சின்னத் தொட்டிக்கு மின்பம்பு பெட்ரோலை மாற்றும். இதற்கு மட்டும் ஏழு மாதம் படம் வரைந்தார். தொட்டி மூடியில் காற்று நுழைய ஒரு சிறு துளை. அந்தத் துளையில்தான் சத்தியராஜின் உயிர் இருந்தது, ஓட்டப்போவதும் அவரே அல்லவா!

பறக்கும் நாள் காலையில் வந்து பார்த்தால், அவர் செய்த தகர மூடிகளைக் காணோம். இரண்டு பித்தளை மூடிகள் பளபளத்தன. இடது மூடியில் தலைவர் பொன்னப்பனின் அப்பா 'நினைவாக'. வலது மூடியில் செயலாளர் ரெத்தினதாசின் அம்மா 'நினைவாக'. தமிழிலும் மலையாளத்திலும், விளிம்பு முட்ட. கோயில்காரரும் சர்ச்காரரும் ஆளுக்கொரு இறக்கையில் சரிசமம்! மத நல்லிணக்கம் இதற்குமேல் எங்கே போகும்? சத்தியராஜ் மட்டும் மூடியைத் திருகி எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, மூடியில ஓட்டை எங்க?"

"ஓட்டையா? என்னத்துக்கு?" என்றார் பொன்னப்பன்.

"காற்று உள்ள போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும். இல்லேன்னா பம்பு இழுத்து இழுத்து தொட்டி சப்பளிஞ்சு ஒட்டிப் போவும். எஞ்சின் பாதி வழியில நிக்கும்."

"ஆகாசத்தில இல்லாத காற்றா மக்கா?"

"வெளிய உண்டு. உள்ள போவ வழியில்ல. ஒரு ஓட்டை போட்டுக்கிடுதேன்."

"எனக்க அம்மைக்க பேரிலயா?" ரெத்தினதாசுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற எடத்தில போடு."

"மூடிதான் உச்சி. வேற எங்க போட்டாலும் பெட்ரோல் வழியும். எனக்க பழைய மூடியத் தாருங்க."

"அது ஆக்கிரிக் கடையில பழைய இரும்போட எடைக்குப் போச்சே" என்றார் பொன்னப்பன்.

இறக்கை நிழலிலேயே அவசரக் கூட்டம் கூடியது. நாலே நிமிடம். 'மூடிகளின் புனிதம் கருதி, துளை பற்றிய ஆய்வு முதல் பறத்தலுக்குப் பின் மேற்கொள்ளப்படும்' என்று ஏகமனதாகத் தீர்மானம். கைதட்டல் வேறு.

சத்தியராஜ் தன் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"சரி. சீட்டு ரெண்டு உண்டு. உங்கள்ல யாராவது ஒருத்தர் கூட ஏறுங்க, பறப்போம்."

கமிட்டியின் முழு மேதைமையும் அப்போதுதான் வெளிப்பட்டது. பொன்னப்பனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ரெத்தினதாசுக்குக் காஞ்சிரங்குளத்தில் ஒரு கல்யாணம் ஞாபகம் வந்தது. மற்றவர்கள், எடை கூடினால் ஆபத்து என்று திடீரென்று பொறியியல் பேசினார்கள். இரண்டாம் சீட்டைக் காலியாக விடுவதென்று இன்னொரு தீர்மானம். அதுவும் ஏகமனதாக.

சத்தியராஜ் எஞ்சின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு விஷயம் மனசிலாவல்லன்னு இதுவரை நினைச்சேன். ஒருத்தர் விடாம எல்லாருக்கும் நல்லா மனசிலாயிருக்கு. தெரிஞ்சுதானாக்கும் என்னைய ஏறச் சொன்னிய."