அக்கினி மூலையில் ஒரு ஜெனரேட்டர்

அந்தக் கோடையில் கணபதி ஊர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்தன. ஒன்று, தினமும் இரண்டு வேளை பவர்கட். இன்னொன்று, மின்வாஸ்துச் செம்மல் சென்னகேசவன்.

சுந்தரராஜுலுவின் ஜெனரேட்டர் கடை வாசலில் போர்டு தொங்கியது: 'வரும்போது வீட்டு பிளானும் ஜாதகமும் கொண்டுவரவும்.' வீட்டில் எத்தனை ஃபேன், எத்தனை லைட் என்று யாரும் கேட்பதில்லை. நட்சத்திரம் கேட்டார்கள். வந்தவர்களும் பரணி, பூசம் என்று பெருமையோடு சொன்னார்கள், ஏதோ பரணிக்குத் தனி வோல்டேஜ் இருப்பதுபோல.

சத்தியமங்கலத்திலிருந்து வேன் வைத்து வந்தார்கள். அந்தியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சந்தையில் குதிரையின் வாயைப் பிளந்து பல்லை எண்ணிப் பார்க்காமல் விலை பேசாதவர். இங்கே மெஷினின் மூடியைக்கூடத் திறக்காமல் கைகட்டி நின்றார்.

கடைக்குள் ஒரே அளவில் ஐந்து அட்டைப்பெட்டிகள், ஐந்தின் மேலும் மஞ்சள் துணி. சிவப்பு நூலில் கட்டிய ஸ்படிகக் குண்டு ஒன்றைச் சென்னகேசவன் ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே பிடிப்பார். குண்டு முன்னும் பின்னும் ஆடினால் தோஷம். வட்டமாகச் சுற்றினால் யோகம்.

"துணி எதுக்குங்க சாமி?" என்றார் ஒருவர்.

"கண்ணு பாத்தா ஆசை வருமுங்க. ஆசை வந்தா சக்தி கலைஞ்சு போயிருமுங்க. துணி என்ன, இரும்புப் பொட்டியில வெச்சுப் பூட்டினாலும் என்ற குண்டு கண்டுபிடிச்சுப் போடும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அந்தக் கூட்டத்தில் மாமியார் முத்தாத்தாளின் பக்கத்தில் புவனா நின்றிருந்தாள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். கையில் ஒரு காலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் கணக்கு. மூன்று வயது மகள் நந்திதாவுக்கு மூச்சிரைப்பு. மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் வீட்டில் இருக்கிறது. ஆனால் அது கரண்டில் ஓடுவது. கரண்ட் போன நேரத்தில் இரைப்பு வந்தால் குழந்தையை அள்ளிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓட வேண்டும். அதற்காகத்தான் ஜெனரேட்டர். நெபுலைசர், இரண்டு ஃபேன், மூன்று டியூப்லைட். எல்லாம் சேர்த்து ஐந்நூறு வாட்ஸைத் தாண்டவில்லை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் சின்ன மெஷின், ஒரு கையால் தூக்கிப் போவது, தாராளமாகப் போதும்.

"சின்னது போதுமுங்க அத்தை" என்றாள்.

"சித்த சும்மா இரு கண்ணு. கொழந்தை விசயம். சாமி சொல்லட்டும்."

சாமி குழந்தையின் நட்சத்திரத்தைக் கேட்டார். குண்டைப் பிடித்தார். நான்காவது பெட்டியின் மேல் அது ராட்டினம்போலச் சுற்றியது. துணியை விலக்கிப் பெட்டியைத் திறந்தால், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ராட்சத மெஷின். "இதேதானுங்க. இதே ரகத்தை வெள்ளிக்கெழமை ஊட்டுக்கே கொண்டாந்து உறுதி பண்ணித் தாரேன். அக்கினி மூலையில வெக்கோணும்."

"தென்கிழக்கு மூலையில எங்க சமையல்கட்டு இருக்குதுங்க" என்றாள் புவனா.

"அப்பறமென்ன அம்மணி! அக்கினி மேல அக்கினி. ரெட்டை யோகம். ஜன்னலை மட்டும் சாத்திப்போடுங்க. இல்லீன்னா சக்தி வெளிய போயிரும்."

"சக்தி போகாதுங்க, புகைதான் போகும். புகை உள்ளயே நின்னா உசுரு வெளிய போயிருமுங்க."

கூட்டம் அவளை முறைத்தது. முத்தாத்தாள் அவள் கையைக் கிள்ளினாள். பக்கத்து வீதி லட்சுமணசாமி சாட்சி சொல்ல முன்வந்தார். "என்ற ஊட்டுல சமையல்கட்டுலதானுங்க வெச்சிருக்கறேன். மொத நாளே நாலு பேருத்துக்கும் தலைவலி, வாந்தி. சாமிகிட்ட ஓடியாந்தேன். தோஷம் வெளியேறுதுன்னாரு. எத்தனை சரியாச் சொன்னாரு பாருங்க!"

"வாந்தி எடுத்தப்ப ஜன்னலைத் தெறந்தீங்களா?"

"பொறகு? நாத்தம் தாங்கலீங்களே."

"அதனாலதான் இன்னிக்கு இங்க வந்து நிக்கறீங்க."

லட்சுமணசாமி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

புவனா வாயை மூடிக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் மூன்று குடும்பங்கள் வந்தன. மூன்று நட்சத்திரம், மூன்று ராசி. ஒவ்வொரு முறையும் சுந்தரராஜுலு பெட்டிகளை இடம் மாற்றி, துணிகளை மறுபடி போர்த்தினார். குண்டு சுற்றியது மட்டும் ஒரே துணியின் மேல்தான். அதன் ஓரத்தில் மட்டும் குங்குமப் பொட்டு ஒன்று இருந்தது. அதற்கடியில் இருந்தது ஒவ்வொரு முறையும் அந்த ராட்சத மெஷின்தான். இரண்டு வருஷமாக விற்காமல் கடையில் தூசி தின்றுகொண்டிருந்த ரகம்.

வியாழக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. நந்திதாவுக்கு இரைப்பும் வந்தது. புவனா குழந்தையை அள்ளிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது முத்தாத்தாள் கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்: "நாளைக்கே வெச்சுப்போடலாம் கண்ணு. அவரு சொன்ன எடத்துலயே வெச்சுப்போடலாம். பேத்தி மூச்சு விட்டாப் போதும்."

புவனாவுக்குத் தெரியும். அவர் சொன்ன இடத்தில் வைத்தால் அந்த மூச்சுதான் நிற்கும்.

கணவன் கிருபாசங்கர் லேத் பட்டறை வைத்திருப்பவன். மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் ஒரு சின்ன உதிரிபாகத்தைக்கூட வெளியே அனுப்பாதவன். அம்மாவிடம் மட்டும் எந்த அளவுகோலையும் நீட்டாதவன்.

"நீ சொன்னாத் தேவலை புவனா. நான் சொன்னா அம்மா அழுவாங்க."

"சொன்னா கேக்க மாட்டாங்க. காட்டோணும். பரண்ல நம்ம கிரைண்டர் வாங்குன அட்டைப்பெட்டி இருக்குதுங்களா?"

"அதை எதுக்கு வெச்சிருக்கறோம்னே இத்தனை நாளாத் தெரியலையே" என்றான் அவன். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான். மெல்ல அவன் முகத்திலும் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பிடித்த சிரிப்பு அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் டெம்போ நின்றது. வீதியே கூடிவிட்டது. சுந்தரராஜுலு சின்ன மெஷின் ஒன்றையும் சேர்த்து மூன்று பெட்டிகளை இறக்கி மஞ்சள் துணி போர்த்தினார். ஒரு துணியில் மட்டும் குங்குமப் பொட்டு.

"சாமி, மொதல்ல அக்கினி மூலையைப் பாத்துருங்க. காப்பியும் போட்டு வெச்சிருக்கறேன்" என்றாள் புவனா பணிவாக. இப்படிப் பணிவாக அழைத்தால் செம்மல்கள் மறுப்பதில்லை. செம்மலும் சுந்தரராஜுலுவும் உள்ளே போனார்கள். முத்தாத்தாள் பலகாரத் தட்டோடு பின்னாலேயே போனாள். வெளியே கிருபாசங்கர் பொட்டு வைத்த துணியை உருவினான். அடியில் இருந்த ராட்சத மெஷினின் பெட்டியை லட்சுமணசாமியின் துணையோடு டெம்போ மறைவுக்கு நகர்த்தினான். அந்த இடத்தில் கிட்டத்தட்ட அதே அளவில் வேறொரு பெட்டியை வைத்து அதே துணியைப் போர்த்தினான். வீதி பார்த்துக்கொண்டிருந்தது. வேடிக்கை என்று வந்துவிட்டால் நம்மவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

காப்பி வாசனையோடு செம்மல் வெளியே வந்தார். முதல் பெட்டி, குண்டு முன்னும் பின்னும் ஆடியது. "தோஷம்." அடுத்தது. "கடும் தோஷம்." மூன்றாவதில் பொட்டு. குண்டு சுற்றியது, சுழன்றது, நூல் அறுந்துவிடுமோ என்று பறந்தது.

"ஆஹா! என்ன சக்தி! என்ன யோகம்! இந்த மெஷின் ஓடுனா ஊடே வெளிச்சமாயிருமுங்க!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி. கொழந்தை உசுரு" என்றாள் புவனா.

"என்ற குண்டு பொய் சொல்லாது அம்மணி."

"அத்தை, நீங்களே துணியை எடுங்க."

முத்தாத்தாள் கும்பிட்டுவிட்டுத் துணியை விலக்கினாள். பெட்டியைத் திறந்தாள். உள்ளே அவளுடைய சொந்த கிரைண்டர். கல்லில் புதன்கிழமை ஆட்டிய மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

வீதியே சிரித்தது.

"ஏனுங்க சாமி, இது கரண்டைக் குடுக்கறதில்லீங்க. குடிக்கறதுங்க" என்றான் கிருபாசங்கர்.

"பொம்பளை பார்வை பட்டுச் சக்தி மாறிருச்சு" என்று செம்மல் வியர்வையைத் துடைத்தார். "கிரைண்டரும் மின்சாதனந்தானுங்களே..."

"சரிங்க, பார்வை வேண்டாம். நான் திரும்பி நின்னுக்கறேன், நீங்க ரெண்டு பேரும் சித்த திரும்பி நில்லுங்க." புவனா பொட்டு வைத்த துணியை மடித்து மாமியாரின் கையில் கொடுத்தாள். கிருபாசங்கர் ஒரு ஜெனரேட்டர் பெட்டியையும் கிரைண்டர் பெட்டியையும் இடம் மாற்றி, பொட்டில்லாத இரண்டு துணிகளைப் போர்த்தினான். "இப்ப எது ஜெனரேட்டர், எது கிரைண்டர்னு மட்டும் சொல்லுங்க. யோகமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

சென்னகேசவன் பெட்டிகளைப் பார்த்தார். சுந்தரராஜுலுவைப் பார்த்தார். சுந்தரராஜுலு மின்கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்தார். குண்டு முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை.

முத்தாத்தாள் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் பார்த்த அதே குங்குமம். அவளுக்கு இப்போது புரிந்தது.

"இந்தப் பொட்டை நம்பியா என்ற பேத்திய அந்தப் புகையில படுக்க வெக்கப் பாத்தேன்?" துணியை உதறித் தரையில் போட்டாள். "ஏனுங்க ராஜுலு, எறக்குனதுல அந்தச் சின்ன மெஷின் இங்கயே இருக்கட்டும். மெஷினைச் சமையல்கட்டுல வெக்கச் சொன்ன மனுசனை ஏத்தீட்டுப் போங்க."

டெம்போ கிளம்பும் முன்பே லட்சுமணசாமி வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார், ஜெனரேட்டரைச் சமையல்கட்டிலிருந்து வெளியே இழுக்க.

சாயங்காலம் வழக்கம்போலக் கரண்ட் போனது. காம்பவுண்டுச் சுவரோரம், எந்த ஜன்னலுக்கும் பக்கத்தில் இல்லாமல், தகரக் கூரைக்குக் கீழே சின்ன மெஷின் படபடத்தது. அது வடகிழக்கு மூலை. சாஸ்திரப்படி அங்கே வைக்கவே கூடாதாம். மெஷினுக்கு அது தெரியவில்லை. உள்ளே நெபுலைசர் ஓட, நந்திதா புவனாவின் மடியில் சீராக மூச்சு விட்டுத் தூங்கினாள்.

எதிர்வீட்டுப் பங்காரம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க முத்தாத்தா, நாங்களும் ஒண்ணு வாங்கலாமுன்னு இருக்கறோம். எந்தத் தெசை பாத்து வெக்கறது? யாரையாச்சும் கேக்கோணுமா?"

"புகை ஊட்டை விட்டு வெளிய போற தெசை பாத்து வெய்யி" என்றாள் முத்தாத்தாள். "அதுக்குக் குண்டெல்லாம் வேண்டாம். தலை ஒண்ணு இருந்தாப் போதும். அதை ஆண்டவன் எல்லாருத்துக்கும் குடுத்துத்தான் அனுப்பியிருக்கறான். நாமதான் மஞ்சத் துணி போட்டு மூடி வெச்சிருக்கறோம்."