கமிட்டி மாமா தூக்கிய ஃப்ரீஸர்

கமிட்டி மாமா மட்டும் பிரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், உலகம் இன்னும் படைக்கப்பட்டிருக்காது. உபகமிட்டியின் அறிக்கைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

செம்பூரில் எங்கள் பல்கலைக்கழகப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்கு அவர்தான் நிர்வாக அதிகாரி. மாட்டுங்காவாசி. ஆரம்பத்தில் மையம் என்பது ஒரு அறையும் ஒரு மைக்ராஸ்கோப்பும்தான். அப்புறம் மளமளவென்று வளர்ந்தது. கட்டிடம் கொஞ்சம், கமிட்டிகள் நிறைய. லிஃப்டுக்கு ஒன்று, மைக்ராஸ்கோப்புக்கு ஒன்று, கமிட்டிகள் எந்த ரூமில் கூடுவது என்று தீர்மானிக்க ஒன்று. அதற்கு ஆராய்ச்சி ரூமையே ஒழித்துக் கொடுத்தார்கள். ப்யூன் முதல் பேராசிரியர் வரை எல்லோரும் சேர்மன். உறுப்பினராக உட்காரத்தான் ஆள் கிடைக்கவில்லை. கணக்குப் பிரிவில் இருந்த நான் ஃப்ரீஸர் கமிட்டிக்குச் சேர்மன். என் அனுமதியில்லாமல் ஃப்ரீஸரை ஒரு அங்குலம்கூட நகர்த்தக் கூடாது என்பது மாமா போட்ட விதி.

ஒரு ஜூலை மழையில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்து கரண்ட் போய்விட்டது. ஃப்ரீஸருக்குள் நோயாளிகளின் கட்டிகளிலிருந்து எடுத்த சாம்பிள்கள். கொடுத்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. மறுபடி யாரிடம் போய்க் கேட்பது?

நான் அன்று ஆபீஸில் இல்லை. நடந்ததைப் பிறகு சொன்னது ஃபாத்திமா, எங்கள் ஆராய்ச்சியாளர், தாராவிப் பெண். அவள்தான் மாமாவிடம் ஓடியிருக்கிறாள்.

"சார், மாடில ஜெனரேட்டர் இருக்கு. இப்பமே தூக்கலன்னா எல்லாம் உருகிரும்."

"சேர்மன் எங்கே?"

"கணக்கு சாரா? கல்யாண் ஸ்டேஷன்ல ட்ரெயினோட மாட்டிக்கிட்டாவ. போனும் சுவிட்ச் ஆஃப்."

"அவர் சொல்லாம எப்படிம்மா? ரூல்னு ஒண்ணு இருக்கோன்னோ."

"இதக் குடுத்துட்டுப் போனவங்க வீட்ல நான் என்ன ரூல் சார் சொல்ல?"

மாமா பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "அரே, சப் லோக் ஆவோ, உடாவோ" என்று, எல்லோரும் வந்து தூக்கும்படி கான்டீன்காரர்களையும் டைரக்டரையும் ஒரே குரலில் அதட்டி, ஃப்ரீஸரின் முன்பக்கத்தைத் தானே பிடித்து, மாடிக்கு ஏற்றிவிட்டார். ஒரு சாம்பிள்கூட உருகவில்லை.

மறுநாளே விதியை மீறிய நிர்வாக அதிகாரி மேல் விசாரணைக் கமிட்டி போட்டார். போட்டவரும் அவரே, குற்றவாளியும் அவரே. "அனுமதியில்லாம நகர்த்தினேன். மெமோ குடுத்துடுங்கோ" என்று கமிட்டியில் ஃப்ரீஸர் சேர்மனான என்னிடம் சொன்னார், நிஜமாகவே கலங்கிப்போய்.

"அனுமதி இருந்தது. நான்தான் போனில் கொடுத்தேன்" என்றேன்.

என் போன் அன்று சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பேனாவை எடுத்தார்.

"மினிட்ஸ்ல எழுதிக்கறேன்" என்றார். அந்த மனுஷனுக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லச் சொன்னாலும் கூசாமல் சொல்வேன்.