கடைசிப் பக்கத்து லேகியமும் எங்கள் மருமகனும்

உயர்திரு ஆசிரியர் தம்பி அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையை முன் அட்டையிலிருந்து பின் அட்டை வரை ஒரு வரி விடாமல் படிக்கும் வாசகி எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். போன மாதம் அப்படி எழுதியிருக்க முடியாது. அங்கே உங்கள் வீட்டிலும் அச்சாபீசிலும் எல்லாரும் சௌக்கியமாக இருக்கட்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் என் கையெழுத்தை டீச்சர் மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அதனால் எழுத்துப் புரியவில்லை என்று சொல்லி நீங்கள் தப்பிக்க முடியாது.

எங்கள் மருமகன் ஃபிரிட்ஜ் மெக்கானிக், தங்கமான மனுஷன். நாங்கள் கிழவனும் கிழவியும் அவர்களோடுதான் இருக்கிறோம். காலேஜுக்குப் போகிற பேத்தி ஒருத்தி உண்டு, படு கெட்டிக்காரி, அவளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இப்படியிருக்க, மருமகன் திடீரென்று முதுகு வலி, மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் படுக்க வந்துவிட்டார். ஹாலில் கிடப்பது பழைய சோபா, அதில் பூனைகூடப் படுக்காது. மகள் எதிரே வந்தால் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார். மகள் சமையலறையில் வந்து, வேற எவளோ இருக்கா அம்மா, நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டுத் தனியாப் போயிடறேன் என்று கண்ணைக் கசக்கினாள். மருமகன் சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். கம்ப்ரசர் எண்ணெயும் சிகரெட்டும்தான் நாறியது. இதை எந்தப் பொம்பளைடி சகிப்பா என்று ஆறுதல் சொன்னேன், நான் சகிக்கலையா என்று அதற்கும் அழுதாள்.

இதற்கிடையில், பழைய ஸ்டெபிலைசர் பெட்டிக்குள் லேபிள் கிழித்த டப்பா ஒன்றைப் பார்த்தேன். என்ன மாப்பிள்ளை என்று கேட்டால், முதுகு வலி லேகியம் அத்தை என்றார். நீங்களே சொல்லுங்கள் தம்பி, முதுகுக்குக் கேட்பது முட்டிக்குக் கேட்காதா? எங்கள் வீட்டுக்காரர் முட்டி வலியில் மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு தரம் என்னைத் திட்டுகிறவர். மருமகன் கடைத்தெருவுக்குப் போன சமயம் பார்த்து ஒரு கரண்டி வழித்துக் கொடுத்தேன். இனிப்பா இருக்கே, இன்னொண்ணு குடு என்றார், கொடுத்தேன். மருமகன் திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்காரர் முகமெல்லாம் சிவந்து, தலை சுற்றுது, நெஞ்சை அடைக்குது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஏற்கெனவே உண்டு. டாக்டரம்மா அதைக் கொடுக்கச் சொல்லிக்கொண்டே, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். முட்டி வலி லேகியம் என்று நான் டப்பாவை நீட்டினேன். நர்ஸ் மாத்திரையைப் பிரித்துவிட்டாள். பக்கத்தில் மகள் நிற்கிறாள், சுற்றிலும் அடுத்த கட்டில்காரர்கள். மருமகன் வேர்த்து ஒழுக முன்னே வந்தார்.

“டாக்டர், ஒரு நிமிஷம். அது முட்டிக்கு இல்ல. என்னோடது. எனக்கு… ஆண்மைக் குறைவு. அதுக்கு வாங்கினது.”

டாக்டரம்மா நர்ஸ் கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்கினார். இந்த மாதிரி டப்பாக்களில் மூலிகை என்று போட்டுவிட்டு உள்ளே இந்தக் கோளாறுக்கான இங்கிலீஷ் மாத்திரையைக் கலந்திருப்பார்களாம். அதோடு இந்த நாக்கு மாத்திரையும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போய் ஆளே போனாலும் போய்விடுமாம். கொஞ்ச நேரத்தில் படுத்திருந்த இவர், எனக்கு முட்டிக்குத்தான் குடுத்தா, மத்தபடி எந்தக் குறையும் எனக்கில்ல என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிழைத்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

மகள் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கா தலையணையத் தூக்கிட்டுப் போனீங்க?”

“உன் மூஞ்சியப் பாக்க முடியலடி.”

அவ்வளவுதான், இரண்டு பேரும் அழுதார்கள். நர்ஸ் பஞ்சு கொடுத்தாள்.

இது பரவலாக வருகிற கோளாறுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். பெரும்பாலும் ரத்த ஓட்டத்துச் சமாச்சாரமாம், கவலையும் சேர்ந்து கெடுக்குமாம், சர்க்கரையோ இருதயக் கோளாறோ வருவதை முன்கூட்டியே காட்டிக் கொடுத்தாலும் கொடுக்குமாம். மருமகனுக்கு உடனே பிடிபட்டது. ஃபிரிட்ஜ் கூல் ஆகலேன்னா கேஸ் லைனைத்தானே பாக்கணும், நான் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சுட்டிருந்தேன் என்றார். சோதித்தால், சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது. அதற்கு மருந்து, நடை, சிகரெட்டுக்கு முழுக்கு. இருதயத்தைப் பரிசோதித்த பிறகு இதற்கென்றே ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். இப்போது ஹாலில் தலையணை இல்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

அந்த டப்பாவை எங்கே பிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். உங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்து விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் வரவழைத்தாராம். நான் படித்துவிட்டு டீப்பாய் மேல் போட்ட பத்திரிகை. இனி அந்த விளம்பரம் வந்தால் உங்கள் பத்திரிகை எங்கள் வாசல்படி ஏறாது.

இதெல்லாம் உங்கள் காதோடு இருக்கட்டும். அச்சில் போட்டுவிடாதீர்கள், மருமகன் மானம் போய்விடும். நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும், சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி

பி.கு: தபாலில் சேர்க்கச் சொல்லி மருமகனிடம் கொடுத்தேன். கவரை ஒட்ட மறந்துவிட்டேன், வாசல்படியிலேயே உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டார். “போடச் சொல்லுங்க அத்தை. எங்க ஒர்க்‌ஷாப்ல ரெண்டு பேர் இப்பவும் அந்த டப்பாதான் திங்கிறாங்க” என்றார். ஆகையால் போடாதீர்கள் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். முன் பக்கத்தில் வேண்டாம், ஆம்பிளைகள் அதைப் புரட்டுவதில்லை. கடைசிப் பக்கத்தில் போடவும்.