கத்தினாலும் வெடிக்காத முகம்

“நீ மேக்கப் போட்டா எங்கக்கா கொமரி ஆயிடுமா? எங்க வூட்டு மானம் போவறதுதான் மிச்சம். படிச்ச பொண்ணுதானே நீ, வாணாம்னு சொல்லி அனுப்பக் கூடாது?”

கள்ளக்குறிச்சியில் என் அழகு நிலையத்து வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் மில்லக்காவின் தம்பி. கேட்டுவிட்டு என் போர்டை ஏற இறங்கப் பார்த்தார். என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்று போட்டிருந்தேன். மலை மேல் கரியாலூர்ப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தைப் பவுடர் டப்பா மேல்கூட ஒட்டுவேன், யார் கேட்பது?

“சொல்ல மாட்டேங்க” என்றேன்.

மில்லக்காவைவிடச் சத்தமான மனுஷி எங்கள் மாவட்டத்தில் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறப்பதாக இருந்தாலும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பிறக்க வேண்டும். என் கடைக்கு அடுத்த கதவு அக்காவின் மாவு மில். காலமெல்லாம் மோட்டார் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. கரண்டு போனால் மோட்டார் நிற்கும், தொண்டை நிற்காது. ஒருமுறை என்னிடம், “ரகசியமா ஒன்னு சொல்றன் கேளு புள்ள” என்று ஆரம்பித்தார். எதிர்ச்சாரி டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

மில்லில் என்ன ஓடுகிறது என்பதை அக்காவின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். காலையில் அரிசி மாவு, வெள்ளை. வெயில் ஏறினால் மஞ்சள் தூள். மத்தியானத்துக்கு மேல் மிளகாய்த் தூள், அப்போது பக்கத்தில் போகக் கூடாது. வயசுக்கு ஆயா என்றுதான் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் மாவு நறநறவென்று வந்தது. அதனால் பல் போன தாத்தாக்களுக்கும் அவர் அக்காதான்.

எல்லாம் ஒரு காதுகுத்தில் ஆரம்பித்தது. தம்பி தன் பேரனுக்குக் காதுகுத்து வைத்துப் பெரிய பேனர் கட்டியிருந்தார். சொந்தக்காரர்கள் வரிசையாகக் கூலிங் கிளாஸ் போட்டு நிற்க, கீழ் மூலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு அக்கா. வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்த படம்.

“இன்னாடா இது? காணாம போனவங்க அறிவிப்பு மாரி கீது?”

“வுடுக்கா. உனக்குன்னு ஒரு நாள் பெருசா வைப்போம்ல?” என்றார் தம்பி.

அது எந்த நாள் என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் புருஷன் இல்லாத பொம்பளைக்குத் தனியாகப் பேனர் வைப்பது ஒரே ஒரு தடவைதான். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இருக்கும்.

“அத்த நான் எப்பிடிடா பாக்கறது?” என்று அக்கா கத்தியதில், பந்தியில் சாம்பார் ஊற்றியவர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

அந்த மாசம் அக்காவுக்கு அறுபது முடிந்தது. காதுகுத்துக்கு மறுநாளே என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“சோடி இல்லன்னா அறுபது வராதா? மில்லுக்கு முன்னாடி ஆள் உசரத்துக்கு என் மூஞ்சி மட்டும் வைக்கப் போறன். அதுக்குக் கீழ நின்னு மாவு அரைக்கப் போறன். நல்லா மேக்கப் போடு. சுருக்கத்த எடுக்காத, அது நான் சம்பாரிச்சது. வெடிப்பு மட்டும் தெரியக் கூடாது.”

அங்கேதான் வம்பு. மேக்கப்புக்கு முன்னால் முகத்தில் பூசுவதற்குப் பிரைமர் என்று ஒன்று உண்டு. சுவருக்குப் பெயிண்டுக்கு முன்னால் பட்டி பார்ப்பது போல. என்னிடம் இருந்ததெல்லாம் எண்ணெய் வழியும் இருபது வயசு மணப்பெண்களைக் காயவைக்கிற சரக்கு. அக்காவின் முகமோ ஏற்கெனவே காய்ந்த முகம். இருந்த ஈரத்தையெல்லாம் மாவு குடித்துவிட்டது. பூசி முடித்தபோது பிரமாதமாகத்தான் இருந்தது. “எப்பிடி கீது புள்ள?” என்று அக்கா வாயைத் திறந்தார். கோடை ஏரி போல இரண்டு கன்னமும் பாளம் பாளமாகப் பிளந்தன.

அடுத்த பிரைமர் மேலே பூசிய பவுண்டேஷனோடு ஒத்துப்போகவில்லை. ரப்பர் வைத்து அழித்த மாதிரி திரிதிரியாக உருண்டு வந்தது. “இன்னாடி, என் மூஞ்சிய சலிக்கிறியா? ஒரே கப்பியா கொட்டுது!”

அதற்கடுத்தது மினுக்குகிற வகை. அக்கா கண்ணாடியைப் பார்த்தார். “வடை வெந்துடுச்சி, எடுத்துடு.”

பேன்ஸி ஸ்டோருக்குப் போய் வயசான, வறண்ட தோலுக்குப் பிரைமர் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். “அம்பதுக்கு மேல யாரும்மா இதெல்லாம் கேக்கறாங்க? பவுடர் அடிச்சி அனுப்பு.”

நான் நகரவில்லை. இருந்த டப்பாக்களையெல்லாம் மேஜையில் பரப்பச் சொல்லி, பின்பக்கம் எறும்பு ஊர்வது போலிருந்த எழுத்தையெல்லாம் படித்தேன். பிறகு எதற்கு கெமிஸ்ட்ரி? கடைசியில், ஈரத்தைப் பிடித்து வைக்கிற கிளிசரின் பெயர் முன்வரிசையில் இருந்த, வாசனை சேர்க்காத, பால் போல இளகிய ஒன்று அகப்பட்டது. காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

படம் எடுக்கும் நாள் வந்தது. சோப்புப் போடாமல் முகம் கழுவச் சொல்லி, ஈரம் காய்வதற்குள் கிரீம் தடவினேன். அது ஊறும் வரை பேசக் கூடாது என்றேன். அக்கா வாயை மூடினார். தெருவே அமைதியானது. டீக்கடைக்காரர் பதறிப்போய் ஓடி வந்தார். “அக்காவுக்கு இன்னா ஆச்சுங்க? சத்தத்தயே காணமே!”

பிறகு பட்டாணி அளவு பிரைமர். தேய்க்காமல் விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். மேலே மெல்லிசாக மேக்கப். பவுடர் போடவே இல்லை, அக்கா ஆயுசுக்கும் போட்டாயிற்று.

“இப்ப கத்துங்கக்கா.”

“இன்னான்னு?”

“எப்பவும் கத்தறதுதான்.”

அக்கா மூச்சை இழுத்தார். “கேவுரு மாவு யாருதும்மா?”

தெருக்கோடியிலிருந்து ஒரு குரல்: “என்னுதுங்க, வந்துக்கினே இருக்கறன்!”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் மூக்கு முட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். சம்பாதித்த சுருக்கங்கள் அத்தனையும் இருந்தன. வெடிப்பு ஒன்றுகூட இல்லை.

பேனர் ஏறியது. படத்துக்குக் கீழே அக்கா எழுதச் சொன்ன வாசகம்: ‘உயிரோடுதான் இருக்கிறேன். மாவு அரைத்துத் தரப்படும்.’

தம்பி வந்தார், படித்தார், என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். மறு வாரம் அவர் மனைவி வந்து முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

“எங்க அண்ணிக்குப் போட்டதயே எனக்கும் போடு. யாருகிட்டயும் சொல்லாத, இன்னா?”

“சொல்ல மாட்டா, போட்டுக்கோடி!” என்று அடுத்த கதவிலிருந்து சத்தம் வந்தது.

இப்போது கரியாலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே புதுக் கடைக்கு ஒரு அறை பிடித்துவிட்டேன். மலைக் காற்றில் முகம் உரிந்து கிடக்கும் அம்மாக்களுக்காக. அதில் என் அம்மாவும் உண்டு. போர்டை நேற்று மாட்டியாயிற்று. நகை பூட்டிய மணப்பெண் யாரும் அதில் இல்லை, மில்லக்காவின் முகம்தான். அருவி பார்க்க வந்தால் நிமிர்ந்து பாருங்கள், போர்டு கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். அந்தச் சத்தம் பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.