மூங்கில்காட்டுப் பன்றியும் எங்கள் வீட்டுக் கிணறும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
14-5-1969

‘கிலுகிலுப்பை’ சிறுவர் பத்திரிகையின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் குமாரசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் க்ஷேமமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் க்ஷேமமாக இல்லை. அதற்குக் காரணம் தங்கள் பத்திரிகை.

மாதம் இருமுறை தாங்கள் வெளியிடும் ‘மூங்கில்காட்டு ஊற்று’ என்ற தொடர்கதையை எழுதுகிற ‘காட்டுமல்லி’ யார் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். கதையில் ஒரு காட்டுப்பன்றி இருக்கிறது. அது காட்டிலுள்ள ஒரே ஊற்றைப் பாறாங்கல்லால் மூடிவிட்டு, ஒரு வளைக்கு நாலு சிரட்டைத் தண்ணீர் என்று சட்டம் போடுகிறது. பேசுவதற்கு முன் மூன்று முறை கனைக்கிறது. ஐயா, என் வீட்டு வளவில் மூன்று நெசவுக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. நடுவில் கிணறு. சாயத் தொழிலுக்குத் தண்ணீர் போதவில்லை என்பதால் நான்கு வருடங்களாக அதற்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டி, ஒரு வீட்டுக்கு நாலு குடம் என்று விட்டுவருகிறேன். கனைப்பது எனக்குச் சாய நெடியால் வந்தது. இதையெல்லாம் தற்செயல் என்று தாங்கள் சொல்லக்கூடும். நான் நம்ப மாட்டேன்.

தை மாதம் வளவுப் பிள்ளைகள் உங்கள் பத்திரிகையை உரக்கப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் கப்சிப். சந்தேகப்பட்டு, பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு பிரதி வாங்கினேன். அன்று தொடங்கி ஒரு இதழும் விடவில்லை, விசாரணைக்காக. முதலில் மூன்றாம் வீட்டு வீரபாகுவைத்தான் சந்தேகித்தேன். தினமும் பேப்பர் படிக்கிறவன். முனிசிபாலிட்டிக்கு மனு எழுதித் தரச் சொல்லி அவன் கையெழுத்தை வாங்கி, இரண்டு நாள் உங்கள் பத்திரிகையோடு ஒத்துப் பார்த்தேன். அச்சில் கையெழுத்து தெரியாது என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. அதற்குள் அவன் அந்த மனுவுக்கு நகல் எடுத்து அனுப்பியே விட்டான். எங்கள் தெருச் சாக்கடை சரியானது தனிக் கதை.

அடுத்து இரண்டாம் வீட்டு உமாபதி. நெசவு செய்துகொண்டே ஏதோ முணுமுணுப்பான். என்னவென்று கேட்க, சாயத் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று சுவரில் காதை வைத்தேன். விளிம்பு ஈரம். அரக்குச் சாயத்தில் கழுத்தளவு இறங்கிவிட்டேன். தூக்கிவிட்டது உமாபதிதான், முணுமுணுத்தது இழைக் கணக்கு என்பதும் அப்போது தெரிந்தது. பத்து நாள் சிவப்பாகத் திரிந்தேன். அதற்கடுத்த இதழில் உங்கள் பன்றி நாவல்பழக் குவியலில் விழுந்து, பத்து நாள் ஊதாவாகத் திரிகிறது. வளவுக்குள் இருக்கிற யாரோதான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

உமாபதியின் பெண்சாதி தில்லையம்மாளிடம் நேராகவே கேட்டேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, “எனக்கு எழுதத் தெரிஞ்சா பன்னிய எதுக்குயா எழுதிக்கினு இருக்கப்போறேன், நேராவே உங்க பேரையே போட்டிருப்பேனே” என்றாள். இந்தப் பதில் எனக்கு உண்மையாகப் பட்டது. அவளை விட்டுவிட்டேன்.

பங்குனியில் அவள் மகள் கிருஷ்ணம்மாள் நாலு குடம் போதாமல் கோயில் குளத்துக்குப் போய்ப் படியில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. தகப்பனோடு தறியில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூலோட்டும் நாடாவைப் போட அவள் கை இல்லாமல், ஒரு கல்யாணச் சேலை பாதியில் நின்றது. படி வழுக்கியதற்கு நான் பொறுப்பல்ல. அந்தப் படியை நான் கட்டவில்லை. ஆனால் சித்திரை முதல் இதழில் ஒரு முயல்குட்டி தூரத்து ஆற்றுக்குத் தண்ணீருக்குப் போய்க் கால் ஒடிந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்தை நான் முழுதும் படிக்கவில்லை. வெளிச்சம் போதவில்லை.

இப்போது வந்திருக்கிற, கடைசி அத்தியாயத்துக்கு முந்திய இதழில் முள்ளம்பன்றி, கீரி, அணில் எல்லாம் கூடிப் பாறையை உருட்டத் திட்டம் போடுகின்றன. வளவில் எல்லாரும் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிக்கிறார்கள். இதுவரை சிரித்ததில்லை. ஆகவே கத்திரி வெயிலில் தொழிலை விட்டுவிட்டு மூடியின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். இரும்பு மூடி. உட்காரும் இடம் பற்றி மேற்கொண்டு எழுத மனம் ஒப்பவில்லை.

எனவே காட்டுமல்லியின் நிஜப் பெயரையும் விலாசத்தையும் உடனே தெரிவிக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தை அச்சிடக் கூடாது. தங்களுக்குப் பிள்ளையார்பாளையத்தில் உறவினர் எவரும் உண்டா என்பதையும் எழுதவும். இதற்கு முன் நான் கேட்டபோது தாங்கள் அனுப்பிய கார்டில் ‘மகிழ்ச்சி’ என்ற சொல் இரண்டு முறை வந்திருந்தது. அது எனக்குப் பிடிபடவில்லை.

ஏகாம்பரநாதர் தங்களுக்கும் தங்கள் அச்சாபீஸுக்கும் குறைவில்லாமல் வைக்கட்டும், மேற்படி கதை நீங்கலாக.

இப்படிக்கு,
கா. குமாரசாமி

பி.கு.: உறை ஒட்டப் பசை கேட்டேன். என் மனைவி நீலாம்பாள் பசையைக் கொடுக்காமல் கடிதத்தை வாங்கி, நின்றபடியே முழுதும் படித்தாள். பிறகு, “அவருக்கு எதுக்கு இத்தனை பக்கம்? அந்தக் கதய நான்தான் எழுதறேன்” என்றாள். தபால்காரர் பழனி அவள் பெயருக்கு வரும் உங்கள் கடிதங்களை நான் சாயத் தொட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவளிடம் கொடுத்திருக்கிறார். ஏன் இப்படிச் செய்தாய் என்றேன். “நாலு வருஷமா வாயால சொல்லிக்கினு இருந்தேன், காதுல ஏறல. அச்சுல வந்தா மூணு தடவ படிக்கிறீங்க” என்றாள்.

பன்றிக்கு ஒரு நல்ல குணம்கூட வைக்கவில்லையே என்று மட்டும் கேட்டேன். “மொத ரெண்டு இதழ நீங்க படிக்கல. ஊத்த தோண்டினதே அந்தப் பன்னிதான். எல்லாருக்கும்னுதான் தோண்டிச்சு” என்றாள். அந்தக் கிணற்றை நானும் என் தகப்பனாரும் தோண்டினோம் என்பதைத் தங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று.

சாவியைக் கொண்டுபோய்க் கிருஷ்ணம்மாளிடம் கொடுத்தேன், நல்ல கையில். தில்லையம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் பூட்டையும் கழற்றித் தரச் சொன்னாள். தந்தேன்.

ஆகவே மேலே கேட்டது எதுவும் வேண்டாம். கடைசி அத்தியாயத்தை நீலாம்பாள் செவ்வாய்க்கிழமையே தபாலில் சேர்த்துவிட்டாளாம். முடிவைக் கேட்டால் சொல்ல மறுக்கிறாள். பன்றி பிழைத்துக்கொள்கிறதா என்பதை மட்டும் ஒரு கார்டில் எழுதவும். என் பெயருக்கு எழுதவும். நான் விசாரித்ததாகக் காட்டுமல்லிக்குத் தெரிய வேண்டாம்.