இரண்டரை மணிக்கு ஊதிய சங்கு

ஒரு தோட்டத்தையே வேலை நேரத்தில் வீட்டுக்கு அனுப்பி வைத்தவள் நான். (சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்து தொலைக்கிறது, என்ன செய்ய?)

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு காலம். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாடும் மாடி, ட்ரையர், தராசு என்று ஐந்து இடங்களில் புதுக் கருவிகள் வைத்தார்கள். சூடும் எடையும் வயர் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள்! கொழுந்து பறிக்கும் என் அம்மா இதை மலை மலையாகச் சொல்லித் திரிந்தாள். ஆனால் தோட்டத்து மேனேஜரான பெரிய துரையோ, மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்.

கருவிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். ட்ரையரில் தேயிலை கருகி வாசம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். மண்டையை உடைத்துக்கொண்டு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். பத்து விநாடிக்கு ஒரு தடவை அது ஒவ்வொரு கருவியையும் ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். பதில் வராவிட்டால் கத்தும். இயந்திர இரைச்சலில் கம்ப்யூட்டர் கத்துவது யாருக்குக் கேட்கும்? அதனால் அதை ஃபேக்டரிச் சங்கோடு இணைக்கச் சொன்னேன்.

எலக்ட்ரீஷியன் சிவலிங்கம் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“தங்கச்சி, சங்கு எல்லா மலைக்கும் கேக்குமே!”

“கேக்கட்டுமேண்ணே! நான் என்னா வேல செஞ்சிருக்கேன்னு தெரியட்டும்.” (திமிர்தான், வேறென்ன?)

மூன்றாம் மாதக் கடைசியில், சங்கை இணைத்த மறுநாளே, கொழும்பிலிருந்து டைரக்டர் வந்தார். அன்றைக்கு ஒரே பனிமூட்டம். எதிரில் நிற்கும் ஆள் தெரியவில்லை. என் புரோகிராமை அவருக்குக் காட்டச் சொன்னார் துரை. நான் காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மனுஷன் பல் கிடுகிடுக்க நடுங்குகிறாரே என்று ஹீட்டரைத் தூக்கி வந்தேன். அதைச் செருக இடமில்லை. கையில் அகப்பட்ட ஒரு ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் செருகினேன்.

பிடுங்கியது, ஐந்து கருவிகளின் வயர்களும் வந்து சேரும் பெட்டியின் ப்ளக்.

பத்தே விநாடி. ஊஊஊ என்று பிளிறியது சங்கு. மணி இரண்டரை.

எங்கள் தோட்டத்தில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வழக்கமாக நாலரைக்கு ஊதும். பனிமூட்டத்தில் வெயிலைப் பார்த்து நேரம் சொல்லவும் வழியில்லை. ஐந்தும் செத்துவிட்டதாகத் திரை சொல்ல, நான் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே பனிக்குள்ளிருந்து கூடைகளோடு பெண்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார், மலையில் அவர்களை வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா.

“ஏய், நில்லுங்க! இன்னும் நேரம் ஆகல!”

முன்னால் நின்றது யார்? என் அம்மாவேதான்.

“சங்கு ஊதிருச்சுங்களே ஐயா. சங்கு பொய் சொல்லுமா?”

துரை என்னைப் பார்த்தார். நாளைக்கு நானும் கூடையோடு அம்மா பின்னால்தான்.

“நான்தாங்க சார் ப்ளக்க புடுங்கிட்டேன்” என்று அழுதேவிட்டேன்.

அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “ஊதுனது நீயாடி?”

“ஆமாம்மா.”

அவ்வளவுதான். அம்மா திரும்பி, மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: “அடியே, எம் மக ஊதுன சங்குடி!”

ஹீட்டரில் குளிர் காய்ந்துகொண்டிருந்த டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பத்து விநாடியில் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டதே, இதைவிட என்ன வேண்டும் என்று துரையிடம் கேட்டார். துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “வேலை நிரந்தரம். சங்கு வயரை மட்டும் இப்பவே கழற்று” என்றார்.

இன்று கொழும்பில் ஒரு கம்பெனியில் எத்தனையோ கருவிகளுக்கு நான்தான் காவல். ஆனால் என்னைக் காவல் காப்பது அம்மாவின் போன். எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், வீட்டில் எல்லோரும் சிரிக்க அந்தப் பக்கத்திலிருந்து அம்மா குரல் வரும்:

“இருக்கியாடி? பத்து வரைக்கும் எண்ணுவேன். அப்புறம் சங்குதான்!”