பால் காய்ச்சாத வீட்டுக்காக ஒரு நன்றி

மட்டாஞ்சேரி,
ஞாயிறு, மழை சற்று விட்ட நேரம்

மரியாதைக்குரிய மச்சான் சங்கிலிப்பாண்டி அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீரலட்சுமியைக் கட்டிக்கொண்டு இங்கே பாத்திரக்கடை நடத்தும் இசக்கிராஜா எழுதுவது. நாங்கள் நலம். சங்கரன்கோவிலில் நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் தேதியை நீங்கள் போனில் கேட்கும்போதெல்லாம் சிக்னல் போனது டவரால் அல்ல, என் வாயால்தான். வீடு கிடையாது மச்சான். அரசாங்கம் அனுமதி தரவில்லை. போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது கேட்கும் என்பதால் கடிதம். வருத்தப்பட வேண்டாம், அந்த அரசாங்கத்துக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

கும்பளங்கிப் பக்கம் நான் வாங்கிப் போட்ட இடத்தைக் கோடையில் போட்டோ எடுத்து அனுப்பினேனே, கிரிக்கெட் மைதானம் மாதிரி இருந்தது. சர்க்கார் கணக்கில் அது தண்ணீர் தேங்கும் நிலமாம். விவசாய ஆபீசர் நேரில் வந்து பார்த்து, காய்ந்த கரைநிலம்தான் என்று எழுதிக் கொடுத்தால்தான் செங்கல் வைக்கலாம். அதிதி என்று ஒரு மேடம் வருவதாகத் தகவல் வந்தது. நான் சும்மா இருப்பேனா? முதல் நாளே கப்பைக் குச்சிகளை (நம்ம மரவள்ளிதான்) வாங்கி வந்து, பரம்பரைப் பயிர்போல வரிசையாக ஊன்றினேன். மிளகாய் வற்றலைக் காயப்போட்டேன். மூலையில் தண்ணீர் கிடந்த பள்ளத்தைத் தென்னை ஓலை போட்டு மூடினேன். கல்யாணத்துக்குக்கூடப் போடாத ஷூவை மாட்டிக்கொண்டேன். சேற்று நிலத்தில் எவனாவது ஷூ போடுவானா?

மேடம் வந்தார். ஒரு கப்பைக் குச்சியை இரண்டு விரலால் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. ஆனாலும், "குழப்பமில்ல சேட்டா, நோக்காம்" என்று சிரித்தார்; பரவாயில்லை, பார்க்கலாம் என்று அர்த்தம். முக்கால்வாசி ஜெயித்தாயிற்று. அப்போதுதான் நம்ம ஊர்ப் பழக்கம் குறுக்கே வந்தது. வெயிலில் வந்த பெண்ணைப் பட்டினியாகவா அனுப்புவது? மரத்தடியில் இலை போட்டு, சோறும் கரிமீன் குழம்பும் பரிமாறினாள் வீரலட்சுமி.

ஒரு வாய் வைத்ததும் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "அடிபொளி! சேச்சி, இது எவிடத்தே மீனா?"

அது நம் பள்ளத்திலேயே பிடித்த மீன் என்று காலையில்தான் வீரலட்சுமி என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை மச்சான். "விருந்தாளிக்குக் கடை மீனாப் போடுவோம் மேடம்? சொந்த இடத்து மீனாக்கும்! அந்தா, அந்த ஓலைக்கு அடியில பிடிச்சது!"

மேடத்தின் கை பாதியில் நின்றது. ஓலையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், குழம்பைப் பார்த்தார். ஆனால் முள் மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்த பிறகுதான் முடியாது என்று எழுதினார். அந்த மரியாதையை மறக்கமாட்டேன்.

அப்புறம் ஒரு வாரம் கடையில் குக்கரைக்கூடச் சைகையில்தான் விற்றேன். பிறகு ஜூன் மழை பிடித்தது. போய்ப் பார்த்தால், என் ஹால் வரவேண்டிய இடத்தில் வாத்துகள் குடும்பத்தோடு குடியேறியிருந்தன. பூஜை அறையில் ஒருவர் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். அந்தத் தெருத் தண்ணீர் மொத்தமும் அங்கேதான் வந்து இறங்குகிறது. நான் மண் அடித்து மேடாக்கியிருந்தால் அது தெருக்காரர்கள் வீட்டுக்குள் போயிருக்கும். மிச்சம் என் கட்டிலுக்கடியில் வந்திருக்கும். கடனோடு மிதக்க இருந்தவனைக் கரையேற்றிய அந்த மேடம் நூறு வயது இருக்கட்டும். சட்டம் போட்டவர்கள், அதை அவருக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் நனையாமல் இருக்கும்
இசக்கிராஜா

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் வீரலட்சுமி இதை வாங்கிப் படித்தாள். நின்று சிரித்தாள், பிறகு உட்கார்ந்து சிரித்தாள். அந்த மீன் தோப்பும்படி மார்க்கெட்டில் வாங்கியதாம்! "நம்ம இடத்து மீனுன்னு சொன்னா உங்க வாய் சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அங்க போயிட்டா நசீபாகூட செவத்துக்கு மேல யாரு பேசுவா?" என்கிறாள். நசீபா எங்கள் அடுத்த வீடு. குழம்புக்குத் தேங்காய் அரைத்துக் கொடுத்ததே அவள்தானாம். ஆகவே மேலே உள்ள நன்றிகளை அரசாங்கத்திடமிருந்து பிடுங்கி, உங்கள் தங்கை பேருக்கு மாற்றிப் படிக்கவும். அவளிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம். வீட்டில் கெட்டிக்காரன் இன்னும் நான்தான்.